முதியோர் திரும்பத் திரும்ப விழுவது ஏன்? நாம் கவனிக்கத் தவறும் காரணங்கள்

"ஒண்டுமில்லைப் பிள்ளை, கால் தடக்கிப் போட்டுது." வயதான அம்மாவோ அப்பாவோ வீட்டில் விழுந்த பின்னர் நாம் பெரும்பாலும் கேட்கும் முதல் வசனம் இதுதான். எலும்பு முறியவில்லை, இரத்தம் வரவில்லை என்றால் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. கொஞ்சம் எண்ணெய் தடவி விடுவோம். "இனிக் கவனமா நடவுங்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். சில மாதங்கள் கழித்து அவர் மீண்டும் விழுகிறார். அப்போதும் கால் தடக்கியதாகவே சொல்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து வைத்தியசாலையில் படுத்திருக்கும்போதுதான், இதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை விழுந்திருந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவருகிறது.

முதல் விழுகையைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டுக்குள் இரண்டாவது தடவை விழுந்தால் அதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. 2022ஆம் ஆண்டு வெளியான உலக விழுகைத் தடுப்பு வழிகாட்டி, பன்னிரண்டு மாதங்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் விழுந்தவரை உயர் ஆபத்துப் பிரிவில் சேர்க்கிறது. விழுந்து காயப்பட்டவர், தானாக எழும்ப முடியாமல் தரையில் கிடந்தவர், நினைவிழந்து விழுந்தவர், உடல் மிகவும் தளர்ந்தவர் ஆகியோரும் அதே பிரிவினரே. இவர்களுக்கு முழுமையான மருத்துவ மதிப்பீடு தேவை.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் விழுந்து உயிரிழக்கின்றனர். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்கே. கனடாவில் 65 வயதைக் கடந்தவர்களில் 20 முதல் 30 வீதமானோர் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் விழுகிறார்கள் என்று கனடியப் பொதுச் சுகாதார முகவரகத்தின் 2014ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. முதியோர் காயமடைந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் சம்பவங்களில் 85 வீதமானவை விழுதலால் ஏற்படுகின்றன. இடுப்பு எலும்பு முறிவுகளில் 95 வீதத்துக்கும் அதுவே காரணம். விழுந்து வைத்தியசாலைக்குப் போன முதியோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திரும்பித் தன் வீட்டுக்கு வருவதில்லை, நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கே அனுப்பப்படுகிறார். பெற்றோரைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று விரும்பும் எங்கள் குடும்பங்களுக்கு இந்தக் கடைசித் தகவல் முக்கியமானது.

ஒரு காரணம் அல்ல, பலவற்றின் கூட்டு

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் மேரி டினெற்றியும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்று. வீடுகளில் வாழ்ந்த, 75 வயதும் அதற்கு மேலுமான 336 பேரை அவர்கள் ஓராண்டு கவனித்தனர். அவர்களில் 32 வீதமானோர் விழுந்தனர். தூக்க மருந்துகள், நினைவாற்றல் குறைவு, கால்களின் பலவீனம், நடையிலும் சமநிலையிலும் குறைபாடு, பாதப் பிரச்சினைகள் போன்ற ஆபத்துக் காரணிகளை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். காரணி எதுவும் இல்லாதவர் விழும் வாய்ப்பு 8 வீதம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகள் உள்ளவருக்கு அது 78 வீதம்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்கும். முதலாவது, காப்பெற்றின் விளிம்பு தடக்கியது என்பது கடைசிக் காரணம் மட்டுமே. அதே விளிம்பில் தடக்கிய பேரப்பிள்ளை விழாமல் சமாளித்துக்கொள்கிறது. அம்மம்மாவால் முடியவில்லை என்றால் கால், கண், குளிசை என்று வேறு பலவும் பின்னால் இருக்கின்றன. இரண்டாவது, எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாவிட்டாலும் ஒன்றிரண்டைக் குறைத்தாலே பலன் உண்டு. அதே குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், குளிசைகளைச் சீராக்கி, உடற்பயிற்சி கற்பித்து, வீட்டிலுள்ள ஆபத்துகளையும் நீக்கியபோது, ஓராண்டில் விழுந்தவர்களின் அளவு 35 வீதமாக இருந்தது. அந்த உதவிகள் கிடைக்காத குழுவில் அது 47 வீதம்.

எப்படி விழுந்தார் என்று கேட்போம்

விழுந்த விதத்தைச் சொல்ல எங்களிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றைக் கவனமாகக் கேட்டால் காரணத்தின் திசை தெரியும்.

*தடக்கி விழுந்தவர்:* பாதத்தைப் போதிய அளவு தூக்கி வைப்பதில்லை, அல்லது தரையிலுள்ளதைச் சரியாகப் பார்ப்பதில்லை. தசைப் பலவீனம், கண்பார்வை, பாதணி ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

*சறுக்கி விழுந்தவர்:* தரை, ஈரம், எண்ணெய், பனி, காலுறை. இவற்றுடன், சறுக்கும்போது உடலை நிமிர்த்தும் சமநிலையும் குறைந்திருக்கக்கூடும்.

*கால் மடங்கி அல்லது முழங்கால் விட்டு விழுந்தவர்:* தொடைத் தசை பலவீனம், முழங்கால் வாதம், நரம்புப் பாதிப்பு.

*எழும்பியவுடன் தலை சுற்றி விழுந்தவர்:* குருதியமுக்கம் திடீரெனக் குறைதல், நீரிழப்பு, குளிசைகளின் விளைவு. கட்டிலில் திரும்பிப் படுக்கும்போது அறையே சுற்றுவதுபோல் இருந்தால் உட்காதின் கோளாறாக இருக்கலாம். அதற்கு எளிய சிகிச்சை உண்டு.

*"எப்படி விழுந்தன் எண்டே தெரியாது" என்பவர்:* இந்தப் பதிலை ஒருபோதும் சாதாரணமாக எடுக்கக்கூடாது. சில விநாடிகள் நினைவு தப்பியிருக்கலாம். இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையும் வலிப்பும் இப்படித்தான் வெளிப்படும். தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

உடலில் உள்ள காரணங்கள்

முன்பு விழுந்திருப்பதே மீண்டும் விழுவதற்கான மிகத் தெளிவான அறிகுறிகளில் ஒன்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தகவலின்படி ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. அதே மையம், விழுந்த முதியோரில் பாதிக்கும் குறைவானோரே அதைத் தம் வைத்தியரிடம் சொல்கின்றனர் என்றும் கூறுகிறது.

அடுத்தது தசையும் சமநிலையும். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப முடியாதவர், நடக்கும்போது சுவரையும் மேசையையும் பிடிப்பவர், திரும்பும்போது தள்ளாடுபவர் ஆகியோரைக் கவனிக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறாரா என்றும் பாருங்கள். இதை 1997இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஓர் எளிய எச்சரிக்கை அறிகுறியாக எடுத்துக்காட்டினர். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்பதே அதன் பொருள். மறதி நோயின் தொடக்கத்திலும் இது தென்படலாம்.

நீரிழிவு எங்கள் சமூகத்தில் மிகப் பரவலாக உள்ளது. பல ஆண்டுகள் நீடித்த நீரிழிவு பாத நரம்புகளைத் தாக்கும். தரை எங்கே இருக்கிறது என்ற உணர்வு காலுக்குக் கிடைக்காததால் இருட்டில் நடப்பது கடினமாகும். "பஞ்சில நடக்கிற மாதிரிக் கிடக்கு" என்று அம்மா சொன்னால் அது இந்த அறிகுறியாக இருக்கக்கூடும். இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவருக்குச் சீனி அளவுக்கு அதிகமாக இறங்கினாலும் தலைச்சுற்றும் விழுகையும் வரும்.

கண்ணில் வெண்புரை இருப்பவர் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது. இங்கிலாந்தில் 70 வயதைக் கடந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், முதற் கண்ணுக்கு விரைவாகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களிடையே விழுகைகள் 34 வீதம் குறைவாக இருந்தன. இன்னொன்று மூக்குக்கண்ணாடி. தூரப்பார்வையும் கிட்டப்பார்வையும் ஒரே கண்ணாடியில் இருந்தால், படியிறங்கும்போது வாசிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகக் கால் வைக்கும் இடம் மங்கலாகத் தெரியும். அதிகம் வெளியே நடமாடுபவர், நடப்பதற்கென்று தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாக வைத்திருப்பது பற்றிக் கண் பரிசோதகரிடம் கேட்கலாம்.

படுக்கையிலிருந்து எழும்பி மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவில் 20 அல்லது கீழ் அளவில் 10 புள்ளிகள் குருதியமுக்கம் குறைந்தால் அதை ஒரு குறைபாடாக வைத்தியர்கள் கணிக்கின்றனர். இருந்தபடி மட்டும் அளந்தால் இது தெரியவராது. "நிற்க வைத்தும் அளந்து பாருங்கள்" என்று நாமே வைத்தியரிடம் கேட்கலாம்.

இரவில் பல தடவை சலம் கழிக்க எழும்புவதும் முக்கிய காரணம். அவசரம், இருட்டு, தூக்கக் கலக்கம், எழும்பியவுடன் இறங்கும் குருதியமுக்கம் ஆகிய நான்கும் அங்கே ஒன்றுசேர்கின்றன. இதைச் சொல்ல வெட்கப்படும் பெற்றோரிடம் நாம்தான் மெதுவாகக் கேட்கவேண்டும்.

எலும்புத் தேய்வு விழுகையை உண்டாக்குவதில்லை. ஆனால் சிறு விழுகையையும் பெரிய முறிவாக மாற்றுகிறது. சூரிய ஒளி குறைந்த நாடுகளில் வாழும் கருமை நிறத்தவருக்கு விற்றமின் டி குறைவு ஏற்படும் வாய்ப்பு அதிகம். ஆயினும் அதைக் கூடுதலாக எடுத்தால் கூடுதல் நன்மை என்று எண்ணக்கூடாது. அவுஸ்திரேலியாவில் ஆண்டுக்கு ஒரு தடவை 500,000 அலகுகள் கொடுக்கப்பட்ட முதிய பெண்கள், அது கொடுக்கப்படாதவர்களைவிட 15 வீதம் அதிகமாக விழுந்தனர். அந்த ஆய்வு 2010இல் வெளியானது. வைத்தியர் சொல்லும் அளவே போதும்.

குளிசைப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்

நித்திரைக் குளிசை, பதற்றத்துக்கான மருந்து, மனச்சோர்வு மருந்து, கடும் வலிநிவாரணி, பிரஷர் குளிசை, சலம் போகச் செய்யும் குளிசை ஆகியன விழும் ஆபத்தைக் கூட்டக்கூடியவை. கடையில் சீட்டின்றி வாங்கும் சில ஒவ்வாமை மருந்துகளும் தடிமன் மருந்துகளும் தூக்கக் கலக்கத்தைத் தரும். நியூசிலாந்தில் 1999இல் வெளியான ஆய்வொன்றில் தூக்க மருந்துகளையும் மனநல மருந்துகளையும் படிப்படியாக நிறுத்தியவர்களிடம் விழுகைகள் 66 வீதம் குறைந்தன. எனினும் அவர்களில் பலர் பின்னர் மீண்டும் அம்மருந்துகளுக்கே திரும்பினர். நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதையும் இது காட்டுகிறது.

எந்தக் குளிசையையும் நாமாக நிறுத்தக்கூடாது. திடீரென நிறுத்துவது உயிராபத்தாகவும் முடியலாம். செய்யவேண்டியது இதுதான்: ஊரிலிருந்து வந்த மருந்து, ஆயுர்வேதத் தூள், அயலவர் கொடுத்த வலிக்குளிசை உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடமோ குடும்ப வைத்தியரிடமோ கொண்டுபோக வேண்டும். ஒன்ராறியோவில் நாட்பட்ட நோய்களுக்காக மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை எடுப்பவர்களுக்கு மருந்தகங்கள் மெட்ஸ்செக் என்ற பெயரில் இலவச மீளாய்வைச் செய்கின்றன.

எங்கள் வீடுகளும் பழக்கங்களும்

பொதுவான துண்டுப்பிரசுரங்களில் இல்லாத சில ஆபத்துகள் எங்கள் வீடுகளில் உண்டு.

நல்லெண்ணெய் வைத்து முழுகுவது அவற்றில் ஒன்று. ஊரில் கிணற்றடியில் சொரசொரப்பான சீமெந்துத் தரையில் நின்று முழுகியவர், இங்கே வழுவழுப்பான குளியல் தொட்டியின் உயர்ந்த விளிம்பை எண்ணெய்க் காலுடன் தாண்டுகிறார். முழுக்கை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை. சறுக்காத விரிப்பு, சுவரில் திருகிப் பூட்டிய கைப்பிடி, குளியல் கதிரை ஆகிய மூன்றும் வேண்டும். துவாய் தொங்கவிடும் கம்பியைக் கைப்பிடியாக நம்பக்கூடாது. அது பாரத்தைத் தாங்காது.

வீட்டுக்குள் செருப்புப் போடாத பழக்கம் எங்களுடையது. பளபளப்பான மரத்தரையில் காலுறையுடன் நடப்பது மிக ஆபத்தானது. வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று குதியை மூடிய, அடிப்பகுதி சறுக்காத பாதணி ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம். கோயிலுக்குப் போகும்போது அடியில் இறப்பர்ப் புள்ளிகள் உள்ள காலுறை உதவும். சேலையும் சாரமும் நிலத்தில் இழுபடாமல் சற்று உயர்த்திக் கட்டப்படவேண்டும்.

விரத நாட்களில் சாப்பிடாமல் வழமையான நீரிழிவுக் குளிசையையும் பிரஷர் குளிசையையும் எடுப்பது தலைச்சுற்றுக்கு வழிவகுக்கும். கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதங்களுக்கு முன்பே வைத்தியரிடம் பேசி அளவுகளை மாற்றிக்கொள்வது நல்லது.

மூன்று மாதம் மகன் வீடு, மூன்று மாதம் மகள் வீடு என்று மாறி மாறி இருக்கும் பெற்றோர் பலர். ஒரு வீட்டில் கட்டிலின் வலப்பக்கம் இருந்த மலசலகூடம் அடுத்த வீட்டில் இடப்பக்கம் இருக்கும். நித்திரைக் கலக்கத்தில் கால் பழைய வழியே போகும். அவர்கள் வந்த முதல் நாளே பாதை முழுவதும் இரவு விளக்குகள் வைத்து, பகலில் இரண்டு தடவை நடந்து காட்டவேண்டும். பேஸ்மன்றில் தங்கவைப்பதானால் படிகளின் இருபுறமும் கைப்பிடியும், மேலும் கீழும் மின்விளக்கு ஆளியும் இருக்கவேண்டும். உடுப்புக் கூடையை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு படியிறங்க விடக்கூடாது.

பயமும் அன்பும்

ஒரு தடவை விழுந்தவரின் மனதில் பயம் குடியேறுகிறது. பயந்தவர் நடப்பதைக் குறைக்கிறார். நடக்காத கால் மெலிகிறது. மெலிந்த கால் அவரை மீண்டும் விழுத்துகிறது. இந்தச் சுழலில் எங்களுக்கும் பங்கு உண்டு. "நீங்கள் இருங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்று தண்ணீர்க் கோப்பை முதல் எல்லாவற்றையும் கைக்கே கொண்டுவந்து கொடுப்பது அன்புதான். ஆனால் நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவரின் தொடைத் தசைக்கு அந்த அன்பு உதவாது.

பெற்றோர் விழுந்ததை மறைப்பதற்கும் காரணம் இருக்கிறது. சொன்னால் தனியே கோயிலுக்குப் போக விடமாட்டார்கள், சமைக்க விடமாட்டார்கள், முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற அச்சம். சிலருக்கு வேலைக்களைப்பில் வரும் பிள்ளைக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்ற எண்ணம். விழுந்ததைச் சொன்னவரை ஏசினால் அடுத்த தடவை அவர் சொல்லமாட்டார்.

எதனால் பலன் கிடைக்கிறது?

மிக உறுதியான சான்று உடற்பயிற்சிக்கே உள்ளது. 108 ஆய்வுகளையும் 23,000க்கும் அதிகமானவர்களையும் உள்ளடக்கிய 2019ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, உடற்பயிற்சி விழுகைகளை 23 வீதம் குறைக்கிறது என்று கண்டது. சமநிலைப் பயிற்சியுடன் தசைப் பயிற்சியும் சேர்ந்தபோது பலன் இன்னும் கூடியது. தாய்ச்சியும் பயன் தருகிறது. நியூசிலாந்தில் உருவான ஒற்றாகோ பயிற்சித் திட்டத்தை வீட்டிலேயே செய்யலாம். கதிரையிலிருந்து எழும்பி இருத்தல், குதிக்காலில் நிற்றல், பக்கவாட்டில் நடத்தல், கணுக்காலில் பாரம் கட்டிக் காலை உயர்த்தல் போன்றவை அதில் உள்ளன. இயன்மருத்துவர் ஒருவரிடம் கற்றுத் தொடங்குவது நல்லது. நிறுத்தினால் பலனும் போய்விடும்.

வீட்டில் ஓர் எளிய சோதனையும் செய்து பார்க்கலாம். கதிரையிலிருந்து எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும். வழமையான வேகத்தில் நடந்து 12 விநாடிகளோ அதற்கு மேலோ எடுத்தால் வைத்தியரிடம் பேசவேண்டும்.

வைத்தியரைச் சந்திக்கும் முன் மூன்று கேள்விகளுக்கான விடைகளை எழுதிக்கொண்டு போவோம். கடந்த ஆண்டில் விழுந்தாரா, எத்தனை தடவை? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாடுகிறாரா? விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாரா? மொழிபெயர்க்கும் பிள்ளைகள் பெற்றோர் சொல்வதைச் சுருக்காமல் அப்படியே சொல்லவேண்டும். "தலை கிறுகிறுக்குது" என்பதும் "கால் தள்ளாடுது" என்பதும் வைத்தியருக்கு வெவ்வேறு தகவல்கள்.

விழுந்துவிட்டால்

உடனே கைபிடித்துத் தூக்கக்கூடாது. கடும் வலி, காலை அசைக்க முடியாமை, ஒரு கால் குட்டையாகத் தெரிதல், தலையில் அடி, குழப்பமான பேச்சு, நினைவிழப்பு ஏதேனும் இருந்தால் அசைக்காமல் அவசர உதவியை அழைக்கவேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலையை அடித்துக்கொண்டால், நன்றாகப் பேசினாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காயம் இல்லையென்றால் சற்று ஓய்வெடுத்து, பக்கவாட்டில் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, உறுதியான கதிரை வரை தவழ்ந்து, கதிரையில் கைகளை வைத்து, பலமான காலை முன்வைத்து எழும்பி மெல்லத் திரும்பி இருக்கலாம். விழாத நாளிலேயே இதை ஓர் இயன்மருத்துவர் முன்னிலையில் பழகி வைத்திருப்பது நல்லது.

தனியே இருப்பவருக்கு உதவிகோரும் பொத்தான் பயனுள்ளது. ஆனால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைக் கடந்தவர்களிடம் நடத்திய ஆய்வில், எழும்ப முடியாமல் நீண்ட நேரம் கிடந்த பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அந்தப் பொத்தான் இருந்தும் அழுத்தப்படவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற எண்ணம் முதியோர் எல்லோருக்கும் பொதுவானது போலும். மணிக்கணக்கில் தரையில் கிடப்பது தசையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லவேண்டும்.

இன்று மாலை அம்மாவுடனோ அப்பாவுடனோ தேநீர் குடிக்கும்போது, ஏசாமல், அவசரப்படாமல், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்: "எனக்குச் சொல்லாமல் எப்பவாவது விழுந்தனீங்களோ?" அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போவோம்.